எது அசல்? ஒரு பெண்ட்லி, ஒரு நடராஜர், ஓர் ஈரங்கொல்லி

பழைய கார்களுக்கு ஏலத்தில் ஏன் இவ்வளவு கோடி கொட்டுகிறார்கள் என்று தேடப்போய், கடைசியில் நம்ம கோயில் கதைகளில் வந்து நின்றேன். அந்தக் குறிப்புகள்தான் இது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் வண்டிக்கு இஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் ஆர்.சி. புக்கில் பதிய வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் பழைய ரேஸ் கார் உலகத்தில் மொத்த விலையும் அந்த மாதிரிக் காகிதத்தின் மேலேதான் நிற்கிறது. 2007-ல் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் 1939-ஆம் வருட ஆட்டோ யூனியன் கார் ஒன்றை ஏலம் விட இருந்தது. அந்தக் கார் எந்தெந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதில் சந்தேகம் வந்ததும் ஏலத்தை நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் அது ஆட்டோ யூனியன் கார்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் அதன் வரலாற்றில்.

இதைவிட சுவாரசியமானது 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெண்ட்லி ஸ்பீடு சிக்ஸ். 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த வண்டி. பந்தய வண்டி என்றால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஏதாவது ஒரு பாகம் மாறும். 1932-ல் 8 லிட்டர் இஞ்சின் பொருத்தி புரூக்லேண்ட்ஸில் ஓட்டியபோது விபத்து, ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். பிறகு அந்த வண்டியைத் திரும்பக் கட்டி கூபே ஆக்கினார்கள். 1990-ல் அதை சுமார் 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்ட நிறுவனம், "இது அந்த வண்டியே இல்லை" என்று பின்வாங்கியது. விற்றவர் லண்டன் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு பாகமாகக் கணக்குப் பார்த்தார். 1929-ல் ஓடிய இரும்பு கிட்டத்தட்ட எதுவுமே மிச்சமில்லை. ஆனாலும் விற்றவர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னார். மாற்றங்கள் படிப்படியாக, வெளிப்படையாக நடந்தவை, எந்தக் கட்டத்திலும் தொடர்ச்சி அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகத்தில் வேறொரு வண்டியும் இல்லை என்பதுதான் அவர் தர்க்கம்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது சிவபுரம் நடராஜர். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்கடியில் கிடைத்த சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் ஒருவர். கோயிலுக்குக் கொடுத்தார்கள். 1954-ல் பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி ஸ்தபதியிடம் அனுப்பினார்கள். திரும்பி வந்தது அச்சு அசலான ஒரு நகல். அதற்குத்தான் பூஜை நடந்துகொண்டிருந்தது, ஊருக்கு ஒன்றும் தெரியாது. பத்து வருடம் கழித்து, 1965-ல், பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய தன் புத்தகத்தில் விஷயத்தை உடைத்தார்: கோயிலில் இருப்பது நகல், அசல் வெளியே ஒரு தனியாரிடம் இருக்கிறது என்று.

அப்புறமும் அசலை யாரும் பிடிக்கவில்லை என்பதுதான் கொடுமை! அது நியூயார்க் போய், 1973-ல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளைக்கு 9 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. இந்திய அரசு வழக்குப் போட்டது. 1976-ல் சமரசம்: பத்து வருடம் அவர்களே வைத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பித் தரவேண்டும். 1986-ல் நடராஜர் திரும்பினார். திரும்பியும் சிவபுரம் போகவில்லை, சென்னையில் பூட்டிய அறைக்குள் போனார்.

பெண்ட்லியோடு வைத்துப் பாருங்கள், அப்படியே தலைகீழ். அங்கே உடம்பு மாறியது, வரலாறு தொடர்ந்தது. இங்கே உடம்பு அப்படியே இருந்தது, அதன் வரலாற்றை அறுத்து எடுத்துப்போய் இன்னொன்றுக்கு ஒட்டவைத்தார்கள். அப்படியானால் அந்த நகலுக்கு நடந்த பூஜை பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. கும்பிட்டவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றப்பட்டார்கள். மாற்றியது அவர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதுதான் குற்றமே.

ஏனென்றால் மாற்றுவது நம்ம மரபில் ஒன்றும் புதிதில்லை. எங்க ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் பழைய மூலவர் அத்திமரத்தால் ஆனவர், இப்போது சன்னதியில் நிற்பவர் பழைய சீவரத்திலிருந்து வந்த கல் திருமேனி என்பது மரபு. பழையவரை ஒளித்து வைக்கவில்லை. அனந்தசரஸ் குளத்தில் வைத்து 40 வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கிறார்கள். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த தரிசனத்தில் இந்த ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும் (எங்க பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டு வாசலைத் தாண்டி வண்டி எடுக்க முடியாத நாட்கள் அவை). ஆனால் 'இவர்தான் அசல், உள்ளே இருப்பவர் டூப்ளிகேட்' என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்கவில்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், பழைய வெர்ஷனை அழிக்காமல், மாற்றத்தை லாகில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அசல் எது என்ற தகராறே வந்த இடம் ஸ்ரீரங்கம். சுல்தான் படையெடுப்பில் ஊரைவிட்டுப் போன நம்பெருமாள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அலைந்து, திருப்பதி, செஞ்சி வழியாக 1371-ல் விஜயநகரத்துக் கோபணரால் திரும்பி வந்தார். அதற்குள் கோயிலில் இன்னொரு உற்சவர். பழையவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கோயிலொழுகு சொல்வது இது: பெருமாளின் ஆடைகளை வெளுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கண் தெரியாதவர், ஈரங்கொல்லி என்பார்கள், மிச்சமிருந்தார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடைத் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். கஸ்தூரி, கற்பூர வாசனையை வைத்து "இவரே நம்பெருமாள்" என்று சொல்லிவிட்டார். கதையில் எவ்வளவு வரலாறு என்பது வேறு விஷயம். கோர்ட்டில் நிபுணர் சாட்சி என்பது இதுதானே? அர்ச்சகரையோ அதிகாரியையோ கேட்காமல், தினமும் அந்தத் துணியைத் தொட்டவரைக் கேட்டிருக்கிறார்கள். தோற்றவரையும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு இன்றும் அங்கேயே இருக்கிறார்.

இன்றைக்கு அந்த ஈரங்கொல்லியின் வேலையை போட்டோ செய்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்கள்தான் பல வழக்குகளில் முதல் ஆதாரம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியபோது, 1972 தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவைவிட்டு வெளியேறியதாகக் காகிதம் காட்டப்பட்டது. கார் ஏலத்தில் காட்டுகிற ஹிஸ்டரி ஃபைல் மாதிரியேதான். காகிதம் பொய் என்று தெரிந்து 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள். சிலை அசல், ஃபைல் போலி.

எங்க ஊருக்கே திரும்ப வருகிறேன். 1688 வாக்கில் முகலாயப் படைக்குப் பயந்து காஞ்சியின் மூன்று பெரிய கோயில்களிலிருந்தும் திருமேனிகளை வெளியே கொண்டுபோனார்கள். வரதர் உடையார்பாளையத்தில் இருந்தார். ஜமீன்தார் திருப்பிக்கொடுக்க மறுக்க, ஆத்தான் ஜீயர் கேட்டுக்கொண்டதன் பேரில் தோடர்மால் படையோடு போய் 1710-ல் மீட்டு வந்ததைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. பெரிய காஞ்சியின் பங்காரு காமாட்சி மட்டும் திரும்பவில்லை. தஞ்சாவூர் மேல வீதியில் தனிக் கோயிலே எழுந்துவிட்டது, சியாமா சாஸ்திரிகள் பூஜை செய்தது அங்கேதான். இங்கே மூலவர் காமாட்சி, அங்கே பங்காரு காமாட்சி. ஆட்டன் முன்னால் இந்த வழக்கு போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு ஊர்க்காரர்களும் இதுவரை கேஸ் போடவில்லை.