கடைத்தெரு புனருத்தாரணம்: நாகஹாமா நகர வர்த்தகர் சரித்திரம்

ஒரு நகரத்தின் செல்வம் அதன் மாட மாளிகைகளில் இருப்பதாகப் பலர் எண்ணுவர். வர்த்தகம் அறிந்தோர் அவ்வாறு எண்ணார். அந்நகரத்துக் கடைத்தெருவில் காலையில் எத்தனை கதவுகள் திறக்கப்படுகின்றன என்பதையே முதலில் நோக்குவர். கடைகள் ஒவ்வொன்றாய் மூடப்படுமாயின் அவற்றை அடுத்த வீடுகளும் வெறுமையுறும், திருவிழாக்கள் குன்றும், பிள்ளைகள் பிழைப்பை நாடி வேற்றூர் ஏகுவர். அத்தகைய நிலையை எய்திய ஒரு பழைய கடைத்தெருவை அவ்வூர் வர்த்தகரும் நகரசபையாரும் ஒன்று கூடி மீட்ட வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கமாக எழுதுகின்றோம்.

ஜப்பான் தேசத்து ஷிகா மாகாணத்தில், பிவா என்னும் பேரேரியின் வடகீழ்க் கரையில் உள்ளது நாகஹாமா நகரம். 1573-ஆம் வருஷத்தில் அப்பிரதேசத்தைத் தன் தலைவனிடமிருந்து பெற்ற ஹிதேயோஷி என்னும் வீரன் அங்கே கோட்டை கட்டுவித்து, தெருக்களை வகுத்து, வணிகரையும் தொழிலாளரையும் குடியேற்றினான். நகரத்தாருக்கு நிலவரியையும் நீக்கிக் கொடுத்தான். பின்னாளில் ஜப்பான் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவன் இவனே. 1615-இல் அக்கோட்டை அழிக்கப்பட்டது. ஆயினும் கடைத்தெரு அழியவில்லை. அரசன் அளித்த காவல் நீங்கிய பின்னரும் வணிகர் தம் முயற்சியாலேயே ஊரைக் காத்து நின்றனர்.

ஹிதேயோஷி தனக்கு ஆண்மகவு பிறந்த மகிழ்ச்சியில் ஊராருக்குப் பொன் வழங்கினான் என்றும், அதனைக் கொண்டு அவர்கள் தேர் செய்து விழாவெடுத்தனர் என்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர். ஹிக்கியாமா எனப்படும் அவ்விழா ஏப்ரல் மாதத்தில் நடைபெறுகின்றது. தெருவுக்கொரு தேர் உண்டு. தேரின் மேலுள்ள அரங்கில் அத்தெருச் சிறுவர்கள் காபுகி நாடகம் நடிப்பர். தேரைப் பேணும் செலவையும் சிறுவரைப் பயிற்றும் பொறுப்பையும் தெருவாரே ஏற்பர். 2016-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மானிடர் காக்கத்தக்க மரபுகளுள் இவ்வகைத் தேர்விழாக்களைச் சேர்த்தனர். தேர் செய்யவும் காக்கவும் கூடியிருந்து பழகியவர்கள், பிற்காலத்தில் கடைத்தெருவைக் காக்கவும் கூடினர் என்பது கருதத்தக்கது.

பட்டு நெசவாலும் ஏரிக் கப்பல் வியாபாரத்தாலும் ஊர் வளர்ந்தது. 1882-இல் இருப்புப்பாதை வந்தது. அக்காலத்து ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கின்றது. 1900-ஆம் வருஷத்தில் கடைவீதியில் ஒரு பாங்கிக் கட்டடம் எழுந்தது. அதன் வெளிச்சுவர் கருநிறமாக இருந்தமையால் ஊரார் அதனைக் கரிய சுவர் என்னும் பொருள்பட ‘குரோகாபே’ என்று வழங்கினர்.

இனிக் கேடு வந்த வகையைக் கூறுவோம். மோட்டார் வாகனங்கள் பெருகவே, ஜனங்கள் நகர்ப்புறத்தே குடியேறினர். அவர்களை நாடிப் பெரிய பண்டகசாலைகளும் புறத்தே எழுந்தன. 1973-ஆம் வருஷத்தில் ஜப்பானிய அரசாங்கத்தார் பெருங்கடைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றினர். சிறு வணிகர் பலர் அதனையே தமக்குக் கேடயமெனக் கொண்டனர். ஆயின் சட்டம் பெருங்கடையின் வரவைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி, வாங்குவோரைச் சிறுகடைக்கு அழைத்து வருமோ? வாராது. 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், நாகஹாமாவின் பழைய வீதியில் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஒரு மணி நேரம் நின்று எண்ணியபோது, சென்றவர் 4 மனிதரும் ஒரு நாயுமே என்று அவ்வூரார் இன்றும் சொல்லுவர்.

இந்நிலையில் நகரத்தார் முற்றும் சோர்ந்தாரல்லர். ஊரார் நன்கொடையின் உதவியோடு 1983-இல் பழைய கோட்டையின் வடிவில் ஒரு காட்சிச்சாலை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நகரசபையார், ஊர் முழுவதையுமே ஒரு காட்சிச்சாலையாகக் கருதிப் பேணுவதென்னும் திட்டத்தை வகுத்தனர். பின்னர் 1987-இல் ஒரு சோதனை நேர்ந்தது. பாங்கி நீங்கியபின் கிறிஸ்தவ ஆலயமாக விளங்கிய கரிய சுவர்க் கட்டடம் கைமாறி இடிக்கப்படும் நிலைமை உண்டாயிற்று.

அதனை மீட்கப் பொருள் வேண்டும். நகரசபையாரே முழுதும் கொடுத்திருப்பின் அது சர்க்கார் காரியமாய் முடிந்திருக்கும். வணிகர் மட்டுமே முயன்றிருப்பின் பொதுநலத்துக்கு உறுதி இராது. ஆகவே 1988-ஆம் வருஷத்தில் குரோகாபே என்ற பெயராலேயே ஒரு கம்பெனி நிறுவப்பட்டது. அதன் மூலதனம் 13 கோடி யென். இதில் நகரசபை இட்டது 4 கோடி. உள்ளூர்த் தனியார் ஸ்தாபனங்கள் எட்டும் சேர்ந்து இட்டது 9 கோடி. பெரும்பங்கு வணிகருடையதாகையால் நடத்தும் பொறுப்பும் அவர்களிடமே இருந்தது. இலாப நஷ்டம் தம் கைப்பொருளைத் தொடுமென்பதை அவர்கள் மறத்தற்கு இடமில்லை. இம்முயற்சியின் முன்னணியில் நின்றவருள் ஸசஹாரா மோரியாக்கி என்பவர் குறிப்பிடத்தக்கவர்.

கட்டடம் கிடைத்தது, அதில் என்ன விற்பது? பெருங்கடைகள் விற்பதை விற்றால் அவற்றோடு போட்டியிடல் இயலாது. அண்டையிலுள்ள சிறுகடைகள் விற்பதை விற்றாலோ, காக்க வந்தவரே கெடுத்தவராவர். ஆராய்ந்து அவர்கள் தெரிந்தெடுத்தது கண்ணாடிக் கைத்தொழில். நாகஹாமாவுக்கும் கண்ணாடிக்கும் முன்பு யாதொரு சம்பந்தமும் இல்லை. எனினும், சரித்திரமும் கலையும் பிறநாட்டுத் தொடர்பும் உடைய தொழில் அது. தொழிலாளி உலையின் முன் நின்று ஊதி உருவாக்குவதை வாங்குவோர் நேரிற் காணலாம். 1989-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் விற்பனைக்கூடமும் பட்டறையும் உணவுசாலையும் திறக்கப்பட்டன. முதலாண்டில் வந்தோர் ஏறக்குறைய ஒரு லக்ஷம்; பத்தாண்டுகளுக்குள் அத்தொகை பத்து லக்ஷத்தைக் கடந்தது.

வந்தோர் பெருகவே, மூடிக்கிடந்த வீடுகள் பல பழைய முகப்பு மாறாமல் செப்பனிடப்பட்டு, எண்ணிட்ட கடைகளாகத் திறக்கப்பட்டன. அவை காலப்போக்கில் 30 வரை பெருகின. 1996-இல் நடந்த ஒரு பொருட்காட்சியில் தொண்டு செய்த முதியோர் சிலர், அது முடிந்தபின் வீட்டில் முடங்கியிராமல், தாமே சிறுதொகை பங்கிட்டு அவ்வீதியில் காய்கறி, சமைத்த உணவு முதலியன விற்கும் கடைகளைத் தொடங்கினர். வயது முதிர்ந்தோர் ஊருக்குப் பாரமல்லர் என்பதை அவர்கள் செய்கையால் விளக்கினர்.

இதனால் குறை யாதுமில்லை என்பதன்று. யாத்திரிகர் விரும்பும் பண்டம் வேறு. அத்தெருவில் வாழும் குடும்பத்துக்கு நாடோறும் வேண்டும் பண்டம் வேறு. வந்து செல்வோரை மட்டும் நம்பிய வீதி, அவர் வாராத நாளில் வெறுமையாகும். வீட்டின் மேன்மாடியில் விளக்கெரியாத கடைத்தெரு பாதி உயிருடையதே.

இவ்வூரைக் கண்டு வேறிடங்களிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. அவை யாவும் பலித்தன அல்ல. வடக்கேயுள்ள அவோமோரி நகரில் ரெயில்வே ஸ்டேஷன் அருகே 2001-இல் திறக்கப்பட்ட ‘அவுகா’ என்னும் பெரிய அங்காடி மாளிகையிலும் நகரசபையின் பொருள் பெரிதும் இடப்பட்டிருந்தது. எனினும் நஷ்டத்தால் அதன் கடைத்தளங்கள் 2017-இல் மூடப்பட்டன. நாகஹாமாவார் ஒரு பழைய கட்டடத்தில் தொடங்கிச் சிறுகச் சிறுக விரிந்தனர். அவோமோரியிலோ முதலிலேயே மாளிகை எழுந்தது. இவ்வேற்றுமையைச் சிந்திப்பவர் பயன் பெறுவர்.

சகோதரர்களே! நாகஹாமா அடங்கிய பழைய ஓமி நாட்டு வணிகர் மரபைப் பிற்காலத்தார், விற்போர்க்கு நன்மை, வாங்குவோர்க்கு நன்மை, ஊருக்கு நன்மை என மூன்றாகச் சுருக்கிக் கூறுவர். நம் முன்னோர் கடை வைத்த தெருக்களும் பல ஊர்களில் முதுமை எய்தியுள்ளன. அவற்றில் ஒரு கதவு மூடப்படும்பொழுது, அது அவ்வீட்டாரின் விதியென்று கூறி அப்பாற் செல்லுதல் எளிது. அங்ஙனம் செல்லாமல், அடுத்த கடைக்காரரும், தெருவில் குடியிருப்போரும், நகரசபையாரும் ஓரிடத்தில் அமர்ந்து, எவர் எவ்வளவு இடுவர், எதனை விற்பது, யாவர் பொறுப்பேற்பர் என்று முதலில் கணக்கிடுவார்களாக. அக்கணக்கே புனருத்தாரணத்துக்கு அஸ்திவாரமாகும்.