குலசையில் வேஷம்

வேஷம் என்றதும் நம் விமர்சகர்களுக்குக் கூத்து ஞாபகம் வந்துவிடுகிறது. சடங்கிலிருந்து நாடகம் பிறந்தது என்ற சித்தாந்தத்தை எல்லா வேஷத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வருஷம் தவறாமல் போகிறவன் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பாண்டியர் துறைமுகமாக இருந்த ஊர். முதல் நாள் கொடியேறியதும் நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். காளி, குரங்கு, குறத்தி, எமன், ராஜா, போலீஸ், பிச்சைக்காரன் என்று வேஷம் கட்டி, மேளத்தோடு ஊர் ஊராகப் போய் அம்மன் பேரில் தருமம் எடுக்கிறார்கள். பத்தாம் நாள் அந்தக் காசு கோயில் உண்டியலுக்குப் போகிறது. கதை கிடையாது, வசனம் கிடையாது. கிரீடமும் சடையும் மரக்கைகளும் சுமந்து காளி வெயிலில் நடக்கிறாள், அவ்வளவுதான்.

நோய் தீர்ந்தது, பிள்ளை பிறந்தது, வேலை கிடைத்தது. அதற்கான கடன் இது. வசதியுள்ளவன் தன் பணத்தை நேரே உண்டியலில் போட்டுவிடலாமே என்றால், அது செல்லாது. நாலு வாசலில் கை நீட்டி வாங்கிய காசுதான் செல்லும். அடையாளம் தெரியாமல் முகத்தில் சாயம் பூசுவது இதற்கு ஒரு சலுகை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

ரபலே பற்றிய பக்தினின் நூல் 1965இல் வெளிவந்த பிறகு எந்தத் திருவிழாவையும் கார்னிவல் என்று சொல்லிவிடுவது சௌகரியமாகப் போயிற்று. ஐரோப்பியக் கார்னிவல் தவக்காலத்துக்கு முந்திய தீனி. குலசையில் விரதம் முதலில். காளி கட்டுகிறவர் ஒரு மண்டலமாவது இருக்கவேண்டும். ராஜா இங்கே கோமாளியாவதில்லை. ராஜாவும் பிச்சைக்காரனும் ஒரே வாசலில் ஒரே தட்டை நீட்டுகிறார்கள்.

போலீஸ் வேஷத்துக்கு எந்தப் புராணத்திலும் இடமில்லை. 1942இல் இதே ஊர் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்பு குறைக்கப்பட்டது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது சுலபம். நான் போடமாட்டேன். ஆனால் காக்கி உடுப்பைக் கண்டு கதவடைத்த வீடுகளின் வாசலில் காக்கி வந்து பிச்சை கேட்பதை வேடிக்கை என்று தள்ளவும் என்னால் முடியவில்லை.

கூத்துக்குப் பார்வையாளன் வேண்டும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷன் சிங்கமுகமாகவும் எருமைமுகமாகவும் சேவலாகவும் தலை மாற்றி வர, அம்மன் சூலத்தால் வதைப்பதைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். 2020இல் தொற்றின் காரணமாக அது கடற்கரைக்கு வரவில்லை. கோயில் வாசலிலேயே, கூட்டமின்றி முடிந்தது. நாடகமாக இருந்தால் அந்த வருஷத்தோடு கணக்கு முடிந்திருக்கும். நேர்ந்தவர்கள் அவரவர் ஊரிலேயே வேஷம் கட்டிக்கொண்டார்கள்.

சினிமாப் பாட்டுக்கு ஆடும் குழுக்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் புலம்ப வேறு ஆட்கள் உண்டு.

ஒருமுறை, காப்புக் களைந்த மறுநாள், திருச்செந்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் மடியில் காளியின் கிரீடம் இருந்தது. நெற்றியோரம் சிவப்புச் சாயம் சரியாகப் போகவில்லை. அடுத்த வருஷமும் காளிதானா என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருசம் பாக்கி கெடக்கு, அண்ணாச்சி" என்றார்.