கர்லாக்கட்டையும் ஜூஜுட்சுவும்: லண்டன் மகளிர் தற்காப்பு, 1909–1914

எதிராளியைப் பிடித்து மடக்கி, அவன் விசையைக் கொண்டே அவனை வீழ்த்தும் ஜூஜுட்சு, ஜப்பானியப் போர்வீரர் மரபில் பல குருமரபுகளாகக் கிளைத்து, ஆசானிடம் நெடுங்காலம் பயின்றே கைவரும் கலையாக வளர்ந்தது. 1876இல் பொதுவிடங்களில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டு அப்போர்வீரர் குலம் மதிப்பிழந்தபின், பழைய போர்க்கலைகள் பலவும் நலிந்தன. எட்வர்ட் பார்ட்டன்-ரைட் என்ற பொறியாளரின் முயற்சியால் 1900இல் லண்டன் வந்த யுகியோ தானியும் சதகாசு உயெனிஷியும், அங்குள்ள கேளிக்கை அரங்குகளில் தம்மினும் பருத்த மல்லர்களைச் சாய்த்துக் காட்டி அக்கலைக்குப் புதிய வாழ்வு தேடித்தந்தனர். ஐந்தடி உயரம்கூட இல்லாத எடித் காருட் என்ற பெண்மணி உயெனிஷியிடம் பயின்று, அவருக்குப்பின் தம் கணவருடன் அவரது பயிற்சிக்கூடத்தை ஏற்று நடத்தினார்.

வாக்குரிமைக்காக எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் நிறுவிய மகளிர் சமூக அரசியல் ஒன்றியத்தின் கூட்டங்களில் வன்முறையாளர் புகுந்து கலகம் விளைத்த சூழலில், காருட் 1909 முதல் அவ்வமைப்பின் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். அதன் தேவை எத்தகையது என்பதை 1910 நவம்பர் 18 காட்டியது: நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற ஏறத்தாழ 300 பெண்கள் காவலர்களாலும் கூட்டத்தினராலும் மணிக்கணக்கில் அடித்தும் இழுத்தும் இழிவுபடுத்தப்பட்டனர். பின்னர், உண்ணாநோன்பிருந்து நலிந்த கைதிகளை விடுவித்து, உடல் தேறியதும் மீண்டும் சிறையிலடைக்க வழிசெய்த 1913ஆம் ஆண்டின் ‘பூனை–எலிச் சட்டம்’ வந்ததும், தலைவியர் மறுபடி பிடிபடாமல் காக்க ஏறத்தாழ 30 பெண்களைக் கொண்ட மெய்க்காப்பாளர் அணி உருவாயிற்று.

மரபுக்கலைக்கும் நடைமுறைத் தற்காப்புக்கும் உள்ள வேறுபாடு இவ்வணியில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. மெத்தை விரித்த கூடத்தில், தளர்ந்த மேலங்கியுடன், விதிகளுக்கு உட்பட்ட ஒருவரோடு பொருதும் ஜூஜுட்சுவை, நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்து, தெருவில் பல காவலரை ஒருங்கே எதிர்கொள்ளும் பெண் அப்படியே கையாள இயலாது. வெற்றி அவளுடைய நோக்கமும் அன்று, தலைவி தப்பிச்செல்லச் சில நிமிடங்கள் கிடைத்தால் போதும். ஆகவே பிடியை விடுவித்தல், நிலைகுலைத்தல் ஆகியவற்றோடு, மரபு கற்பிக்காத உபாயங்களும் சேர்ந்தன. 1914 பிப்ரவரியில் முக்காடிட்ட வேறொரு பெண்ணைத் தலைவியென நம்பிக் காவலர் பிடித்துச்செல்ல, பாங்க்ஹர்ஸ்ட் தப்பினார். ஆடைக்குள் மறைத்துக் கொண்டுசென்ற ஆயுதமோ கர்லாக்கட்டை: இந்தியாவின் உடற்பயிற்சிக் களங்களில் சுழற்றப்பட்டு, ஆங்கிலேயப் படையினரால் பிரித்தானியா சென்று, அந்நாட்டுச் சீமாட்டியரின் உடற்பயிற்சிக் கருவியாகவும் மாறியிருந்த அதே கட்டை.

1914 மார்ச் 9 அன்று கிளாஸ்கோவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்டபத்தில், பூக்களுக்கிடையே முள்கம்பி மறைத்த மேடையில், பாங்க்ஹர்ஸ்ட் பேசத் தொடங்கியதும் காவலர் பாய்ந்தனர். அணியினர் கட்டைகளுடன் எதிர்த்தும் அவர் கைதானார். இதனை அப்பயிற்சியின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. காவலர் ஒரு பெண்ணைக் கைதுசெய்ய நிகழ்த்திய வன்முறையை ஆயிரக்கணக்கானோர் நேரில் கண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப்போர் மூண்டதும் ஒன்றியம் போராட்டத்தை நிறுத்திவைக்க, அணியும் கலைந்தது. காருட் தம்பதியர் தம் கூடத்தில் தொடர்ந்து கற்பித்தனர்.