அம்பாசடர் எஞ்சினும் இரட்டைக் கார்புரேட்டரும்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1957ல், கல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசடர் கார் பிறந்தது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு, புதுச்சேரியிலும் அரசு வண்டி என்றாலே வெள்ளை அம்பாசடர்தான். நிதானமான அந்தக் காரின் எஞ்சினுக்கு இங்கிலாந்தில் வேகமான ஓர் அண்ணன் இருந்தது பலருக்குத் தெரியாது.

1959ல் அம்பாசடருக்கு வந்த 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' வகை. நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். இதே வகை எஞ்சின்தான் 1955ல் வெளிவந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அம்பாசடரில் அது தந்தது சுமார் 50 குதிரைத்திறன். எம்.ஜி.ஏ.விலோ முதலில் 68, விரைவில் 72!

எப்படி? அம்பாசடருக்கு ஒரு கார்புரேட்டர், எம்.ஜி.ஏ.வுக்கு இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். கேம்ஷாஃப்டுக்கும் அழுத்த விகிதத்துக்கும் இதில் பங்கு உண்டு. (எஸ்.யூ.வை உருவாக்கிய ஸ்கின்னர் குடும்பத்தின் தொழில் செருப்பு வியாபாரம். ஆரம்பகால எஸ்.யூ.வில் தோல் துருத்திதான் இருந்தது!)

அப்படியானால் நான்கு சிலிண்டருக்கு நான்கு கார்புரேட்டர் வைத்தால் என்ன? முடியாது. இந்த எஞ்சின் ஹெட்டில் காற்றும் பெட்ரோலும் கலந்து நுழைய இரண்டே வாசல்கள். 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று. 3, 4க்கு மற்றொன்று. கார்புரேட்டரையும் இந்த வாசல்களையும் இணைக்கும் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்ட். எனவே வாசலுக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர், அல்லது இரட்டைத் துளை கொண்ட ஒரே வெபர். அதற்கு மேல் வைப்பது வீண்.

இதிலும் ஒரு சிக்கல். எஞ்சின் எரியும் வரிசை 1-3-4-2. அதனால் 3ம் 4ம் அடுத்தடுத்து ஒரே வாசலில் உறிஞ்சும். 2ம் 1ம் அப்படியே. கலவை சமமாகப் போகாது. இரு கார்புரேட்டர்களையும் ஒரே அளவில் திறக்கும்படி சரிசெய்வதும் பொறுமையான வேலை. நாள் முழுக்க ஓடும் வாடகை வண்டிக்கு ஒற்றைக் கார்புரேட்டரே போதும்.

பந்தயக்காரர்களின் கணக்கு வேறு. 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தியது. அங்கே ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் போன்ற உள்நாட்டுக் கார்களும் ஓடின. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. நல்ல கார்புரேட்டர் கிடைப்பதே பெரும்பாடு.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. இன்று பழைய அம்பாசடரைப் புதுப்பிப்பவர் முதலில் தன் எஞ்சினை அறிய வேண்டும். டீசல் என்றால் கார்புரேட்டரே கிடையாது. பின்னாளில் வந்த இசுசு 1800 என்றால் ஹெட்டே வேறு. பழைய 1489 பெட்ரோல் எஞ்சின் என்றால் எம்.ஜி. கார்களின் இரட்டை எஸ்.யூ. மேனிஃபோல்ட் நல்ல வழிகாட்டி.

எத்தனை கார்புரேட்டர் என்பதை ஆசை முடிவு செய்யக் கூடாது. ஹெட்டில் உள்ள வாசல்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.