ஒரு மோடம், நாலு வீடு

மேற்கு மாம்பலம் ஃபிளாட்டுகளில் நான் கேபிள் இழுத்துப் பிழைத்த காலம். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ பிராட்பேண்ட் வந்தது. 500 ரூபாய்த் திட்டத்தில் மாதம் 1 ஜிபிதான். இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை மட்டும் கணக்குக் கிடையாது. அளவில்லாமல் வேண்டுமென்றால் 900 ரூபாய், வேகம் 256 கேபிபிஎஸ். நடுத்தரக் குடும்பத்துக்கு அது கனத்த தொகை. மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து கட்டின.

மோடம் ஒரு வீட்டில். பக்கத்தில் சின்ன ஸ்விட்ச். அங்கிருந்து நீலக் கேபிள், பாத்ரூம் பைப் இறங்கும் சந்து வழியாக மாடிக்கு மாடி போகும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தூரம் பிரச்சினையே இல்லை. முனையில்தான் வேலை. எட்டுக் கம்பிகளையும் நிற வரிசைப்படி அடுக்கி, சமமாக நறுக்கி, கிரிம்பரில் ஒரே அமுக்கு. பச்சை ஜோடி மட்டும் பிரிந்து, நீல ஜோடிக்கு இருபுறமும் உட்கார வேண்டும். இதை மாற்றிப்போட்டு மணிக்கணக்கில் திணறியவர்கள் உண்டு.

“தம்பி, கீழ்வீட்டுப் பையன் படம் இறக்கறான் போல. அமெரிக்காவுலேர்ந்து எம்பொண்ணு பேசறது விட்டு விட்டுக் கேக்கறது” என்பார் ஒரு மாமி. படமெல்லாம் ராத்திரிக்கு என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு வைஃபை. 2008 ஜூலை அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது. அடுத்த ஆண்டே தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாக்கச் சொன்னது. பக்கத்து வீட்டுக்குக் கடவுச்சொல் கொடுக்கவே மக்கள் பயந்தார்கள், நியாயமான பயம். 2016 செப்டம்பரில் மலிவான மொபைல் டேட்டாவோடு ஜியோ வந்ததும், சேர்ந்து கட்டுவதற்கான காரணமே போயிற்று.