மேற்கோட்குறிக்குள் ஒரு சொல்: 1848 மாத்தளைக் கிளர்ச்சியும் நமது ஆங்கில வாசிப்பும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் அமைந்தது பல்லேகம. இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர வழியாக வளைந்து வளைந்து இறங்கும் பாதை அங்கு கொண்டு சேர்க்கும். களுகங்கை நீர்த்தேக்கத் திட்டத்தின் பயனாகப் பழைய நகர் நீருள் மறைய, புதிய லக்கல நகர் எழுந்தது. இத்துணை ஒதுங்கிய பிரதேசத்தைப் பற்றி நூலகத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று எண்ணிப் புகும் மாணவன் வியப்படைவான். ஏ. சி. லோறி தொகுத்து 1896 இலும் 1898 இலும் இரு பாகங்களாக வெளிவந்த மத்திய மாகாண விவரத்திரட்டு, மாத்தளைக் கிராமங்களை ஊர் ஊராக எடுத்துரைக்கின்றது. 1950களின் பிற்பகுதியில் லக்கலவிற் களஆய்வு நடத்திய கணநாத் ஒபயசேகர, கிராமத்தாரின் நம்பிக்கைகள் பற்றி எழுதியவை அமெரிக்க ஆய்விதழ்களில் வெளிவந்தன. யாவும் ஆங்கிலத்திலேயே உள்ளன. லக்கலவிற் பிறந்த சிங்கள மாணவனுக்கும் மாத்தளையிற் பிறந்த தமிழ் மாணவனுக்கும் இவ்விடயத்தில் ஒரே கதிதான்.

இந்நிலை எவ்வாறு தோன்றியது? 1942 இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலேயே போதித்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளிற் சுயமொழிப் போதனை படிப்படியாக மேலேறியது. 1960 இல் சுயமொழியிற் பயின்ற மாணவர் பேராதனைக் கலைப்பீடத்துட் புகுந்தனர். அம்மாற்றம் இன்றேல் நம்மிற் பெரும்பாலோர் இவ்வாயிலைக் கண்டிருக்கமாட்டோம் என்பதை மறத்தல் நன்றியின்மையாகும். ஆயின் விரிவுரையின் மொழி மாறிய வேகத்தில் நூலகத்தின் மொழி மாறவில்லை. இவ்விடைவெளியை நிரப்பியது விரிவுரைக் குறிப்பு. அக்குறிப்பு முடிவைத் தரும். அம்முடிவுக்கு ஆய்வாளர் வந்த வழியைத் தருவது அரிது. 1848 ஆம் ஆண்டு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இதனை நோக்குதல் பொருந்தும்.

துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி, வீதிவேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பு அன்றேல் அதற்கீடான பணம் என்று தொறிங்டன் தேசாதிபதியின் அரசு விதித்தவற்றை எதிர்த்து மக்கள் திரண்டனர். யூலை மாத இறுதியில் தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பெற்றான். மாத்தளையில் அரச கட்டடங்கள் தாக்கப்பட்டன. யூலை 29 ஆம் நாள் கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஆகஸ்டு 8 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். கடஹபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். படையினர் பக்கத்திலோ ஒருவர்தாம் காயமுற்றனர் என்பர்.

குறிப்பேட்டில் இது ‘1848 கலகம்’ என்ற இரு சொற்களில் அடங்கிவிடும். கே. எம். டி சில்வா பதிப்பித்து 1965 இல் வெளியிட்ட, தொறிங்டனுக்கும் குடியேற்ற நாட்டுச் செயலாளர் கிறே பிரபுவுக்கும் இடையிலான தனிப்பட்ட கடிதத் தொகுதியை முதன்முறை கையிலெடுத்தபோது, அதன் துணைத்தலைப்பில் ‘ரிபெல்லியன்’ என்னுஞ் சொல் மேற்கோட்குறிக்குள் நிற்பதைக் கண்டேன். அச்சுப்பிழை என்றே முதலில் எண்ணினேன். பின்னரே புரிந்தது: வாதம் முழுவதும் அக்குறிக்குள்ளேயே இருக்கிறது. அரசுக்கெதிரான கிளர்ச்சி என்று கொண்டால் இராணுவச் சட்டத்துக்கு ஒரு நியாயம் பிறக்கும். வரி பொறுக்காதோர் விளைத்த குழப்பம் என்று கொண்டால் அத்தனை மரணதண்டனைகளுக்கும் விடை சொல்ல வேண்டியவர் தேசாதிபதியாவார். இங்கிலாந்தின் மக்கள் சபை 1849 முதல் தெரிவுக்குழு வைத்து விசாரித்தது. தொறிங்டன் 1850 இல் திருப்பியழைக்கப்பட்டார். அப்பெயரைத் தாம் ஏற்கவில்லை என்பதைப் பதிப்பாசிரியர் இரண்டே குறிகளாற் கூறிவிட்டார். குறிப்பெழுதிய கை அவற்றை உதறிவிட்டது.

ஆங்கில அறிவு என்றவுடன் இலக்கண விதியும் கடிதம் வரைதலும் நம் நினைவுக்கு வருகின்றன. வரலாற்று மாணவனுக்கு வேண்டியது அதனினும் வேறானது. ஓர் ஆசிரியர் இன்னொருவரைப் பற்றி ‘கூறுகிறார்’ என்கிறாரா, ‘நிறுவுகிறார்’ என்கிறாரா, ‘என்று சொல்லிக்கொள்கிறார்’ என்கிறாரா என்று வினைச்சொல்லை உற்றுநோக்க வேண்டும். எதிராளியின் கருத்தை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, ‘ஆயினும்’ என்று திரும்பும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதன் பின்னரே அவர்தம் சொந்தக் கருத்து வருகின்றது. அவ்விடத்தைத் தவறவிட்டு, ஆசிரியர் மறுத்த கருத்தையே அவர் கருத்தாக எடுத்தெழுதியவர் பலர், நானும் எழுதியிருக்கிறேன். ‘தண்டனை நிறைவேற்றப்பட்டது’ என்னும் வாக்கியத்தில் நிறைவேற்றியவர் யார் என்று கேட்கவும் வேண்டும். இவ்வினா தமிழ் வாக்கியத்துக்கும் பொருந்தும். மேலே நான் எழுதிய ‘சுடப்பட்டார்’ என்பதையே எடுத்துக்கொள்க.

இம்முறை நமக்கு அந்நியமானதும் அன்று. நன்னூல் எழுவகை மதங்களை வகுக்கும்போது, பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தல் ஆகியவற்றையும் கூறுகின்றது. உரையாசிரியர்கள் தடைவிடைகளால் நடத்திக் காட்டியதும் இதுவே. தமிழ்ச் சிறப்புப் பாடம் பயில்வோர் இவ்வேழையும் தேர்வுக்கு மனனஞ் செய்கின்றனர். வரலாற்றுக் கட்டுரை எழுதும் வேளையில் எவரும் அவற்றை எடுத்தாள்வதில்லை. ஆங்கில வாதக் கட்டுரையொன்றை முன்வைத்து, எப்பத்தியில் எந்த மதம் இயங்குகிறது என்று ஓரத்திற் குறித்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். அகராதி தராத தெளிவை அது தந்தது. சொற்கள் தெரியாத இடத்திலும் வாதம் எத்திசையிற் செல்கிறது என்பது தெரிந்தது.

மொழிபெயர்ப்பு வந்தால் இச்சிரமம் தீரும் என்பர் சிலர். மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மேற்கோட்குறியின் பொருளை உணர்ந்தவரே அதனைத் தமிழிற் கொணர முடியும். லோறியின் இரு பாகங்களும், லக்கல பற்றிய கட்டுரைகளும், 1848 பற்றிய விசாரணை அறிக்கைகளும் அத்தகையோர் கைகளுக்காகவே காத்திருக்கின்றன. அதுவரை அவ்வறிக்கையின் ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கின்றது.