சமாரியப் பெண்ணும் மரியாதை விகுதியும்: தமிழ் விவிலியத்தில் ஒரு கதையின் மறுவிளக்கம்

1. முன்னுரை

நன்கு அறிமுகமான மறைநூற் கதைக்குப் புதுவிளக்கம் தருவோர் இறையியலாரே என்பது பொதுக்கருத்து. ஆயினும், அவர்களுக்கு முன்னரே மொழிபெயர்ப்பாளர் அக்கதையை விளக்கிவிடுகிறார். மூலமொழியில் இல்லாத ஓர் இலக்கணக் கூறு பெறுமொழியில் கட்டாயமாக இருக்குமாயின், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். கிரேக்கத்தில் முன்னிலை ஒருமைக்கு ஒரே பெயர்தான் உண்டு. தமிழிலோ நீ, நீர், நீங்கள் என மூன்று உண்டு. படர்க்கையிலும் அவள், அவர் என்னும் வேறுபாடு உண்டு. யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் வரும் சமாரியப் பெண்ணின் கதையை 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் இவ்வகையில் எவ்வாறு வேறுபட விளக்கியுள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வரலாற்றுப் பின்னணி

மறைநூற் கதையைத் தமிழ் மரபுக்குள் கொணரும் முயற்சி பழமையானது. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கியது. எபிரேயப் பெயர்களை அவர் ஒலிபெயர்க்கவில்லை, பொருள்பெயர்த்தார். பெருகச் செய்தல் என்னும் பொருளுடைய யோசேப்பு ‘வளன்’ ஆயினார். இறையருள் எனப் பொருள்படும் யோவான் ‘கருணையன்’ ஆயினார். காப்பியம் தந்த இவ்வுரிமை விவிலிய மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்ட புதிய ஏற்பாடு தொடங்கி, பப்ரிசியுஸ், இரேனியுஸ் ஆகியோர் வழியாக வளர்ந்த மரபு, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முழுமை பெற்ற மொழிபெயர்ப்பில் நிலைபெற்றது. அது இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்காக உள்ளது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளில் தமிழ்ச் சமூகத்தில் யாரை யார் எவ்வாறு விளிக்கலாம் என்பதே மாறிவிட்டது.

3. கிணற்றடி உரையாடல்

நண்பகலில் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்திருந்த இயேசு, நீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அவள் ‘வந்தாள்’; இயேசுவின் ஏவல் ‘தா’; விளி ‘ஸ்திரீயே’. அவளோ இயேசுவை ‘நீர்’ என்றும் ‘ஆண்டவரே’ என்றும் விளிக்கிறாள். 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அவர் ‘வந்தார்’, ஏவல் ‘கொடும்’, விளி ‘அம்மா’. அவர் இயேசுவை ‘நீர்’ என்றும் ‘ஐயா’ என்றும் விளிக்கிறார்.

பிரௌன், கில்மன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் முன்னிலைப் பெயர்களின் பயன்பாட்டை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் விளக்கினர். அவ்வடிப்படையில் நோக்கின், முதல் மொழிபெயர்ப்பில் உறவு ஒருவழிப்பட்டது: மேலிருந்து ‘நீ’, கீழிருந்து ‘நீர்’. இரண்டாவதில் உறவு இருவழிப்பட்டது: இருவரும் ‘நீர்’. மூலத்தில் இவ்விரண்டில் எதுவும் இல்லை.

இவ்வேறுபாட்டை வெறும் நாகரிக மெருகு எனக் கொள்ளுதல் பொருந்தாது. வயதில் மூத்த தலித் மக்களை ஆதிக்கச் சாதிச் சிறுவரும் ‘நீ’ என்று விளித்து வந்த சமூகம் இது. பன்மை வடிவை ஒருவர்க்கு உயர்வு கருதி வழங்குதல் வழக்கினால் அமைவதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்பது தொல்காப்பியர் கருத்து. வழக்கு எவருக்கு உயர்வு தந்தது, எவருக்கு மறுத்தது என்பது சமூக வரலாறு. அவ்வரலாற்றில் விலக்கப்பட்ட இனத்துப் பெண்ணொருத்திக்கு ‘ஆர்’ விகுதி கிடைத்தமை ஒரு விளக்கவுரைக்கு நிகரானது.

4. விளிச்சொற்கள்

தாய் மரியாவைக் கானாவூர்த் திருமணத்திலும் சமாரியப் பெண்ணைக் கிணற்றடியிலும் இயேசு ஒரே சொல்லால், ‘பெண்’ என்பதன் விளிவடிவத்தால் அழைக்கிறார். கிரேக்கத்தில் அது அவமதிப்பன்று. எனினும் மகன் தாயை அழைக்கும் சொல்லும் அன்று. ‘ஸ்திரீயே’ என்பது இரண்டிடத்தும் கடுமையாக ஒலிக்கிறது. ‘அம்மா’ என்பதோ, அயலாளை மதித்து அழைக்கவும் பெற்றவளை அழைக்கவும் ஒருங்கே பயன்படுவதால், கிணற்றடியில் மிகப் பொருந்துகிறது. கானாவூரில் மூலத்தின் விலகல் தொனியை மறைத்துவிடுகிறது.

இயேசுவைக் குறிக்கும் விளியிலும் இச்சிக்கல் உண்டு. கிரேக்க விளி ‘ஐயா’, ‘ஆண்டவரே’ என்னும் இரு பொருளுக்கும் உரியது. கதையில் அப்பெண் படிப்படியாக உணர்கிறார்: முதலில் ஒரு யூதர், பின்னர் மதிப்பிற்குரியவர், பின்னர் இறைவாக்கினர், இறுதியில் மெசியாவாக இருப்பாரோ என்னும் வினா. தொடக்கத்திலேயே ‘ஆண்டவரே’ என்று அவரைப் பேச வைத்தால் இப்படிநிலை கெடுகிறது. ‘ஐயா’ அதனைக் காக்கிறது.

5. ‘சம்பந்தம்’, ‘பழக்கம்’, ‘குவளை’

யூதர் சமாரியரோடு கொள்ளாத உறவைச் சுட்டும் ஒன்பதாம் வசனத்து வினை, ‘உடன்’, ‘பயன்படுத்து’ என்னும் இரு கூறுகளால் ஆனது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இதனைச் ‘சம்பந்தம் கலவாமை’ எனக் குறித்தது. ‘சம்பந்தம்’ மணவுறவையும் சுட்டுவதால், கொள்வினை கொடுப்பினை என்னும் சாதிச் சொற்களஞ்சியத்துள் வசனம் சென்று சேர்கிறது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் ‘பழகுவதில்லை’ என்பது தெளிவானது. ஆயினும் தனிமனித நட்பின் தளத்திற்கு விலக்கைக் குறைத்துவிடுகிறது.

டேவிட் டாப் 1950இல் வேறொரு பொருளை முன்வைத்தார்: கலங்களைப் பொதுவில் பயன்படுத்துவதில்லை என்பதே அது. இயேசுவிடம் மொள்ளக் கலமில்லை என்று பின்னர் வருவதை இதனோடு சேர்த்து நோக்கின், அவர் அப்பெண்ணின் குடத்திலிருந்தே குடிக்க வேண்டும் என்பது புலனாகும். அறிஞர் அனைவரும் இதனை ஏற்றாரல்லர். எனினும், தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையை அறிந்த தமிழ் வாசகருக்கும், 1927இல் அம்பேத்கர் மகாடு குளத்து நீரை அருந்திய வரலாற்றை அறிந்தோருக்கும் இப்பொருள் விளக்கமின்றியே விளங்கும்.

அரவிந்த் நிர்மல் 1980களில் தொடக்கமிட்ட தலித் இறையியலும், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையின் வழியே வலியுறுத்திய ‘ஒரே உலை’ என்னும் கருத்தும் உணவையும் நீரையும் பகிர்வதை நம்பிக்கையின் மையத்தில் வைத்தன. அப்பார்வைக்கு இவ்வசனம் இன்றியமையாதது. அதற்குத் துணைசெய்யும் சொல்லோ இரு மொழிபெயர்ப்புகளிலும் இல்லை.

6. ஹனூர்ப் பகுதியும் இருமொழிச் சூழலும்

கொள்ளேகால் பகுதி 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திற்கு உரியது. அதிலிருந்து பிரிந்த ஹனூர் வட்டத்தில் மார்ட்டள்ளி போன்ற தமிழ்க் கத்தோலிக்கர் வாழும் ஊர்கள் உள்ளன. இங்கு வாழ்வோர் தமிழோடு கன்னடத்தையும் அறிவர். கன்னடத்தில் ‘நீனு’, ‘நீவு’ என்னும் இரண்டே உண்டு. தமிழ் ‘நீர்’ போன்ற இடைநிலை வடிவம் இல்லை. பேச்சுத் தமிழிலும் ‘நீர்’ பல வட்டாரங்களில் அருகிவிட்டது. ஆகவே ‘கொடும்’ என்பது நூலில் மதிப்பைக் காட்டினும், செவியில் கோயில் மொழியாகவே ஒலிக்கும். அதே வசனத்தை மறையுரையில் பேச்சுவழக்கில் சொல்ல முற்படுவோர் ‘குடு’ என்பதா, ‘குடுங்கம்மா’ என்பதா என்னும் முடிவை மீண்டும் எடுக்க வேண்டியுள்ளது. 1995இல் அச்சில் தீர்ந்த சிக்கல் ஒவ்வொரு ஞாயிறும் வாய்மொழியில் புதிதாகத் தோன்றுகிறது.

7. முடிவுரை

மரியாதை விகுதியை அனைவருக்கும் வழங்குவதால் ஓர் இழப்பும் உண்டு. ஒரு பெண்ணோடு அவர் பேசியதைக் கண்டு சீடர் வியந்தனர் எனக் கதை கூறுகிறது. இருவரும் இயல்பாகவே ‘நீர்’ என்று பேசிக்கொள்ளும் உலகில் அவ்வியப்பிற்குக் காரணம் தெளிவாவதில்லை. எனவே, கதைசொல்லியின் குரலையும் பாத்திரங்களின் குரலையும் பிரித்து நோக்குதல் நன்று. கதைசொல்லி அப்பெண்ணை ‘அவர்’ எனலாம். இயேசு அவரை மதித்து விளிக்கலாம். சூழ்ந்திருந்த சமூகத்தின் விலக்கை ஒன்பதாம் வசனத்தில் மழுப்பாது காட்டவேண்டும். அதற்குக் ‘கலம்’ அல்லது ‘குவளை’ என்னும் சொல் குறைந்தது அடிக்குறிப்பிலேனும் இடம்பெறுதல் தகும். மரியாதை விகுதி, விலக்கப்பட்டவருக்கு மதிப்பைத் தருகிறது. விலக்கு இருந்தது என்பதை வேறொரு சொல்தான் நினைவூட்ட வேண்டும்.